படம் சொன்ன சேதி யாருக்குச் சொந்தம்?

அந்தமானில் குடியிருப்பவருக்குப் பெரிய நோய் வந்தால் முதலில் பெட்டி கட்ட வேண்டும். இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கடல் வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் ஸ்கேன் படம் எடுத்து, ரெஃபரல் தாள் வாங்கி, டிக்கெட் பார்த்து, கூடப் போக ஆள் பார்த்து, சென்னையிலோ வேலூரிலோ தங்க இடம் பார்த்துக் கிளம்புவதற்குள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். பல வீடுகளில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியாது. அவர்தான் நோயாளி.

எழுபதைத் தாண்டிய வயதில் இதை எழுதுகிறேன். இளவயதில் கப்பலேறி இங்கே வந்து, இந்தத் தீவிலேயே பிழைத்து, பிள்ளைகளை ஆளாக்கியவன். அக்கம்பக்கத்தாருக்குத் துணையாக மெயின்லேண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வந்திருக்கிறேன். அங்கே காத்திருந்த நேரங்களில் கண்டதும் கேட்டதும், பிறகு ஆர்வத்தால் தேடிப் படித்ததும் மனதில் நிறைய இருக்கின்றன. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவர் பிற்பாடு எப்படி இருப்பார் என்பதை, அவருடைய ஸ்கேன் படத்தைப் பார்த்தே ஓரளவு முன்கூட்டிச் சொல்லும் அறிவு இன்று நன்றாக வளர்ந்திருக்கிறது. அந்த அறிவை யாரிடம் ஒப்படைப்பது என்ற விஷயத்தில் நம் வீடுகள் வளரவில்லை. எனக்கு அதுதான் பெரும் கவலை.

முதலில், படம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஆட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் கருவியை உருவாக்கிய பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டும், அதற்கான கணிதத்தை முன்பே வகுத்திருந்த ஆலன் கார்மாக்கும் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சி.டி. கருவி உடம்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. தண்ணீருக்குச் சுழியம், காற்றுக்குக் கழித்தல் 1,000. நல்ல நுரையீரலில் பெரும்பகுதி காற்று; ஆகவே படத்தில் கறுப்பாக இருக்கும். கட்டி அதில் வெள்ளையாகத் தெரியும்.

அந்த வெள்ளையிலும் வகை உண்டு. சில கட்டிகள் முழுக்கக் கெட்டியாகத் தெரியும். சில கட்டிகளோ உள்ளே ஓடும் ரத்தக் குழாய்கள் தெரிகிற அளவுக்கு மங்கலாக இருக்கும். இந்த மங்கலை ஸ்கேன் மருத்துவர்கள் ‘கிரவுண்ட் கிளாஸ்’ என்பார்கள். புற்றுச் செல்கள் காற்றறைகளின் சுவரை ஒட்டியே படர்ந்து, அறைக்குள் காற்று இன்னும் மிச்சம் இருந்தால் அந்த இடம் மங்கலாக விழும். செல்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டால் கெட்டிப்பட்டுவிடும். எனவே கட்டியின் முழு அகலத்தில் கெட்டியான பகுதி எத்தனை பங்கு என்று அளக்கிறார்கள். பங்கு குறையக் குறைய, ஆபரேஷனுக்குப் பின் நோய் திரும்பும் வாய்ப்பும் குறைகிறது.

ஜப்பானிய மருத்துவர்கள் இந்த ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் பொறுமையாக ஆராய்ந்தார்கள். கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து, கெட்டிப் பகுதி அதில் கால் பங்குக்குள் அடங்கியவர்களுக்கு, கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல திசுவையும் எடுத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 99.7 சதவீதம். கெட்டிப் பகுதி பாதிக்கு மேல் இருந்த சிறு கட்டிகளுக்கு இன்னொரு ஆய்வு. அதில் 1,106 பேர் சேர்ந்தார்கள். நுரையீரல் வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு மடல் என்று பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு மடலும் மேலும் சில கூறுகளாகப் பிரிகிறது. ஒரு சாராருக்கு முழு மடலை எடுத்தார்கள், மறு சாராருக்குக் கூறை மட்டும் எடுத்தார்கள். முழு மடலை எடுப்பதே சரி என்று 1995-இல் வந்த ஓர் ஆய்வைத் தொடர்ந்து உலகமே நம்பியிருந்த காலம் அது. ஜப்பானிய ஆய்வின் முடிவு 2022-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் மடல் எடுத்தவர்களில் 91.1 சதவீதம், கூறு எடுத்தவர்களில் 94.3 சதவீதம். அதே சமயம், நோய் அருகிலேயே மறுபடி தலைகாட்டியது மடல் எடுத்தவர்களில் 5.4 சதவீதம், கூறு எடுத்தவர்களில் 10.5 சதவீதம்.

இந்தக் கணக்கை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. இதில் ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது. மூச்சு அதிகம் மிஞ்ச வேண்டுமா, அதே இடத்தில் நோய் திரும்பும் பயம் குறைய வேண்டுமா? பாக்கு மரம் ஏறிப் பிழைக்கிறவர் ஒரு பதில் சொல்வார். பேரப்பிள்ளைகளோடு வீட்டில் இருப்பவர் வேறொரு பதில் சொல்வார். மருத்துவர் இரண்டையும் விளக்கி, தன் ஆலோசனையையும் சொல்லலாம். நோயாளிக்குத் தெரியாமல் அவர் சார்பில் மகனோ மருமகனோ இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல முடியும்? இனி மூச்சு விடப்போகிறவர் அவர்தானே?

கட்டியைச் சுற்றி இருப்பதையும் படம் காட்டிக் கொடுக்கிறது. பல வருடம் பீடி புகைத்தவரின் நுரையீரலில் காற்றறைகள் கிழிந்து ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இதயத்தின் ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அதே படத்தில் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். முதுகை ஒட்டிய தசை மெலிந்திருப்பதும் தெரியும். தசை வற்றியவர்கள் ஆபரேஷனிலிருந்து தேறிவர அதிகம் சிரமப்படுகிறார்கள். சிலருக்கு நுரையீரலின் ஓரங்களில் நார்த்தழும்பு இருக்கும். அப்படித் தழும்பு இருந்து புற்றுநோய் அறுவை செய்துகொண்ட 1,763 பேரை ஜப்பானில் ஆராய்ந்தபோது, 164 பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் அந்தத் தழும்பு நோய் திடீரென்று முற்றியது தெரிந்தது. அவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள். கட்டியைவிடக் கட்டிக்குப் பக்கத்தில் இருந்தது பெரிய ஆபத்தாக முடிந்தது. அந்த ஆபத்தின் சாயல் முன்கூட்டியே சி.டி. படத்தில் இருந்ததையும் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

மூச்சுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 19 கூறுகள் என்று வைத்துக்கொள்கிறார்கள். வலது மேல்மடலில் 3 கூறுகள். அதை எடுத்தால் 16 மிஞ்சும். ஆபரேஷனுக்கு முன் கருவியில் ஊதிக் காட்டிய மூச்சின் அளவை 19-ஆல் வகுத்து 16-ஆல் பெருக்கினால், பிற்பாடு மூச்சு எவ்வளவு மிஞ்சும் என்று தோராயமாகத் தெரியும். அந்த அளவு போதுமா என்ற ஐயம் வந்தால் படி ஏறச் சொல்வார்கள். நிற்காமல் 22 மீட்டர் உயரம், அதாவது சுமார் ஏழு மாடி ஏற முடிந்தவருக்கு அறுவை ஆபத்து குறைவு என்று அமெரிக்க நெஞ்சு மருத்துவர்களின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. இத்தனை பெரிய கருவிகளுக்குப் பிறகும் ஒருவருடைய கால்களையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

படம் காட்டும் இந்தக் குறைகளில் சிலவற்றை நோயாளியே சரிசெய்ய முடியும். ஆபரேஷனுக்குச் சுமார் நான்கு வாரம் முன்னதாகப் புகையிலையை விட்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் தெளிவாகச் சொன்னது. தினமும் நடப்பது, மூச்சுப் பயிற்சி செய்வது, மீனும் முட்டையும் பருப்பும் சாப்பிட்டு உடம்பைத் தேற்றுவது ஆகியவை எல்லாம் பலன் தரும். நம் தீவில் பீடி, கைனி, புகையிலை போட்ட பான் எல்லாம் எவ்வளவு தூரம் புழங்குகின்றன என்று சொல்லத் தேவையில்லை. நாற்பது வருடப் பழக்கத்தை ஒரு மனிதர் நான்கு வாரத்தில் விட வேண்டுமென்றால் அதற்குப் பெரிய காரணம் அவர் மனதில் விழ வேண்டும். “சளிக் கட்டிதான், ஒன்றுமில்லை” என்று சொல்லிவைத்து, “பீடியை விடுங்கள்” என்றும் சொன்னால் அவர் ஏன் விடப்போகிறார்? உண்மையை மறைத்த வீடு, அவர் கையில் இருந்த ஆயுதத்தையும் பிடுங்கிவிடுகிறது.

இன்னொரு படம் பெட் ஸ்கேன். ஃப்ளோரின்-18 என்னும் கதிரியக்கப் பொருளைச் சர்க்கரை போன்ற ஒரு பொருளோடு இணைத்து ஊசியில் செலுத்துகிறார்கள். சர்க்கரையை ஆவலோடு உறிஞ்சும் கட்டி படத்தில் ஒளிரும். அதிகம் ஒளிரும் கட்டிகள் ஆபரேஷனுக்குப் பின் திரும்பி வரும் வாய்ப்பும் பொதுவாக அதிகம். அந்த மருந்தின் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். மூன்று நாள் கப்பல் பயணத்தில் அதில் ஒன்றுமே மிஞ்சாது. அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் சில மணி நேரத் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும். இந்தியாவிலேயே முதல் மருத்துவ சைக்ளோட்ரான் மும்பையில் 2002-இல்தான் வந்தது. தீவு மக்கள் இந்தப் படத்துக்காகக் கடல் தாண்டிப் போவதன் காரணம் இதுதான்.

அந்த ஒளியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. காசநோயின் பழைய கட்டிகளும் அழற்சியும் பெட் ஸ்கேனில் புற்றுநோயைப்போலவே ஒளிரும். காசநோய் இன்னும் நிறைய இருக்கும் நம் நாட்டில் இது அன்றாடச் சிக்கல். இதற்கு நேர்மாறாக, புற்றுநோயைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிக் காலத்தைப் போக்கியவர்களும் பலர். இந்தியாவில் 2022-இல் சுமார் 81,000 பேருக்குப் புதிதாக நுரையீரல் புற்றுநோய் வந்ததாகவும் 75,000 பேர் அதனால் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது. இரண்டு எண்களும் இவ்வளவு அருகில் நிற்பதற்கு, பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே கண்டறியப்படுவது முக்கியக் காரணம். அறுவை செய்து பயன்பெறும் நிலையில் வருகிறவர்கள் சிலரே. அந்தச் சிலரில் ஒருவருக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது என்றால், அதை அவர் முழுசாகத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

இப்போது கணினியும் படம் பார்க்கிறது. மனிதக் கண் கவனிக்காத நுணுக்கங்களை எல்லாம் அது எண்ணாக மாற்றுகிறது. கட்டியின் வடிவம், ஓரத்தின் முள்முள்ளான தன்மை, உள்ளே வெளிச்சமும் நிழலும் கலந்திருக்கும் விதம் என்று நூற்றுக்கணக்கான அடையாளங்களை அளக்கும் இந்தத் துறையை ‘ரேடியோமிக்ஸ்’ என்கிறார்கள். 2014-இல் ஹ்யூகோ ஏர்ட்ஸ் என்ற ஆய்வாளரும் தோழர்களும் நுரையீரல், தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,019 பேரின் சி.டி. படங்களிலிருந்து 440 அடையாளங்களை அளந்து, யார் நெடுநாள் வாழ்வார்கள் என்று கணிக்கலாம் எனக் காட்டினார்கள். உலகமே வியந்தது. 2019-இல் வேறு ஆய்வாளர்கள் அதே கணிப்பைத் திரும்பவும் சோதித்தார்கள். அந்த நுட்பமான அடையாளங்களின் பலத்தில் பெரும்பகுதி, கட்டியின் பருமன் என்ற பழைய எளிய விஷயத்திலிருந்தே வந்தது என்று கண்டார்கள். அதற்காக இந்தத் துறை கைவிடப்படவில்லை. இன்னும் கவனமாக நடக்கக் கற்றுக்கொண்டது. நம் நாட்டவரின் படங்களை வைத்தே கணினிக்குப் பயிற்சி தர வேண்டும் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை, எய்ம்ஸ், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகம், மும்பை ஐ.ஐ.டி. முதலியவை சேர்ந்து ஒரு படக் களஞ்சியம் சேர்த்து வருகின்றன. அதில் முதலில் எடுத்துக்கொண்ட நோய்களில் நுரையீரல் புற்றுநோயும் ஒன்று.

நம் நாட்டுப் படங்கள் எதற்கு என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். மேலே சொன்ன ஜப்பானிய ஆய்வைப் போலவே, 2 சென்டிமீட்டருக்குட்பட்ட கட்டிகளை வைத்து அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாடுகளில் 697 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2023-இல் வெளியானது. அதிலும் குறைவாக எடுப்பது தாழ்ந்ததல்ல என்றே முடிவு. ஆனால் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தவர்கள் இரு பிரிவிலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள். ஜப்பானில் 90-க்கு மேல், இந்த ஆய்வில் 80. கட்டியின் அளவு ஒன்றுதான். சேர்ந்த மக்கள் வேறு, அவர்களுடைய புகைப்பழக்கம் வேறு, கட்டிகளின் தன்மை வேறு, உடம்பில் இருந்த பிற நோய்கள் வேறு. ஆகவே யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது யாரைப் பார்த்துக் கணக்கிட்ட எண் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கடலோரத்தில் வாழும் நமக்குக் கணிப்பு புதிதல்ல. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், எந்தப் படகு கவிழும் என்று அது சொல்வதில்லை. போவதா, நிற்பதா, படகை எங்கே கட்டுவது என்று மீனவர் முடிவெடுக்கவே அது ஏறுகிறது. கூண்டை ஏற்றிவிட்டு, கடலுக்குப் போகிறவரிடம் மட்டும் சொல்லாமல் இருந்தால் அந்தக் கூண்டினால் என்ன பயன்? ஸ்கேன் படத்தின் கணிப்பும் அப்படித்தான். “உங்களைப் போன்ற நூறு பேரில் இத்தனை பேர் ஐந்தாண்டு கடந்தார்கள்” என்பதற்குமேல் எந்தப் படமும் சொல்லாது. அந்த நூறில் இவர் எங்கே நிற்கிறார் என்று மருத்துவருக்கும் தெரியாது, கணினிக்கும் தெரியாது. ஆயுளைக் குறித்துக் கொடுக்கும் ஜாதகமாக அதை எண்ணுவதால்தான் வீட்டார் பயந்து ஒளிக்கிறார்கள். என்ன செய்யலாம் என்று காட்டும் தகவலாக எண்ணினால் ஒளிக்கத் தோன்றாது.

தீவுக்காரர்களுக்கு இங்கே ஒரு நடைமுறை யோசனை. ஒரே ஒரு படத்தைவிட, காலம் விட்டு எடுத்த இரண்டு படங்கள் மிக அதிகம் சொல்லும். மங்கலான சிறு புள்ளி மூன்று வருடமாக மாறாமல் இருந்தால் மருத்துவர் அவசரப்பட மாட்டார். அதே புள்ளியில் கெட்டிப் பகுதி புதிதாகத் தோன்றியிருந்தால் காத்திருக்க மாட்டார். எனவே பழைய எக்ஸ்ரே ஆனாலும் சரி, வேறு எதற்கோ எடுத்த சி.டி. ஆனாலும் சரி, தூக்கி எறியாதீர்கள். நம் ஊர் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாழாகும். உலர்ந்த இடத்தில், தனித்தனி உறையில், தேதி எழுதி வையுங்கள். படம் எடுத்த இடத்தில் அதைப் பதிந்த குறுந்தட்டோ, பென் டிரைவோ கேட்டு வாங்குங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவர் முதலில் கேட்பது “பழைய படம் இருக்கிறதா?” என்றுதான்.

படம் பயணிக்கும் வழியும் இன்று சுலபமாகியிருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாக ஜி.பி. பந்த் மருத்துவமனை சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவமனையோடு இணைக்கப்பட்டபோது அது பெரிய அதிசயம். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி செயல்பாட்டுக்கு வந்தது. கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார், லிட்டில் அந்தமான், ரங்கத் முதலிய இடங்களையும் தொட்டுச் செல்லும் அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். நூற்றுக்கணக்கான துண்டுப் படங்கள் கொண்ட ஒரு சி.டி. ஸ்கேன் இன்று கடலுக்கடியில் சில நிமிடங்களில் மறுகரை சேர்ந்துவிடும். தீவில் இருந்தபடியே மெயின்லேண்டு நிபுணரிடம் கருத்துக் கேட்டு, போக வேண்டுமா, எப்போது, எதற்கு என்று தெளிந்துகொண்டு புறப்படலாம். படம் இவ்வளவு விரைவாகக் கடலைத் தாண்டுகிறது. அதே வீட்டில், கூடத்திலிருந்து அப்பா படுத்திருக்கும் அறைக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை என்றால் எப்படி?

“தெரிந்தால் மனசு உடைந்துவிடும்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். அன்பினால் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெரியவர் ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “என் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அதை எனக்குக் காட்டமாட்டேன் என்கிறார்களே” என்று கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மகன் முகத்தைப் பார்த்தே படித்துவிட்டார். மகனை நோகடிக்கக் கூடாது என்று தெரியாததுபோல் இருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, பேச வேண்டிய நாட்களில் பேசாமல் இருந்தார்கள். சோகம் அதனால் குறையவில்லை, இருவரும் தனித்தனியாகச் சுமந்தார்கள்.

உண்மையைத் தெரிந்துகொண்ட ஒரு நோயாளியின் கதையைச் சொல்கிறேன். புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை முழுவதுமாக எடுத்து, நோயாளி பிழைத்து நெடுநாள் வாழ்ந்த முதல் ஆபரேஷன் 1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. அறுவை செய்தவர் எவார்ட்ஸ் கிரஹாம். நோயாளி ஜேம்ஸ் கில்மோர், 48 வயது, அவரே மகப்பேறு மருத்துவர். சி.டி. என்ற ஒன்றைக் கனவிலும் காணாத காலம். எக்ஸ்ரே நிழலும் பயாப்ஸி முடிவும்தான் கையில் இருந்தன. ஆபரேஷனுக்கு முன் தன் காரியங்களை ஒழுங்குபடுத்த கில்மோர் ஊருக்குப் போனார். பல் மருத்துவரிடம் போய்ச் சொத்தைப் பற்களை அடைத்துக்கொண்டார். கல்லறைத் தோட்டத்தில் தனக்கென்று ஓர் இடமும் வாங்கினார். பிறகு வந்து ஆபரேஷன் மேசையில் படுத்தார். அவருடைய இடது நுரையீரல் முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்து, 1963-இல் மறைந்தார்.

பல்லை அடைத்துக்கொண்டது வாழ்வேன் என்ற நம்பிக்கையில். இடம் வாங்கியது சாகலாம் என்ற தெளிவில். இரண்டும் ஒரே மனிதருக்குள் ஒரே சமயத்தில் இருக்க முடிந்தது, அவருக்கு உண்மை தெரிந்திருந்ததால். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்தத் திடம் உண்டு. அலையையும் புயலையும் பார்த்தவர்கள், 2004 சுனாமியில் உற்றாரைப் பறிகொடுத்துவிட்டு எழுந்து நின்றவர்கள் இந்தத் தீவுகளில் இருக்கிறார்கள். அவர்களிடமா ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒளிப்பது?

அந்த அறுவை மருத்துவர் கிரஹாமின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1950-இல் இளம் ஆய்வாளர் எர்ன்ஸ்ட் வைண்டரோடு சேர்ந்து, புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவும் முக்கியமான ஆய்வை அவர் வெளியிட்டார். அவரே பல காலம் சிகரெட் புகைத்தவர். ஆய்வின் முடிவைக் கண்டு பழக்கத்தை விட்டார். ஆனாலும் 1957-இல் அவர் இறந்தது நுரையீரல் புற்றுநோயால். அவர் காப்பாற்றிய நோயாளி அவருக்குப் பிறகும் வாழ்ந்தார். யார் முந்துவார், யார் பிந்துவார் என்று அன்று யாரால் கணித்திருக்க முடியும்? கணிப்பை மதிக்க வேண்டும், அதற்கு அடிமையாகக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த ஆபரேஷன் நடந்து 16 ஆண்டுகளில், 1949-இல், ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அத்துறையின் முன்னோடி அது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். இன்று தீவுத் தமிழர்கள் நம்பிக்கையோடு போய் இறங்கும் வாசல்களை அப்படிச் சிலர் எழுபது ஆண்டுக்கு முன்னரே திறந்து வைத்தார்கள்.

அங்கே போகும்போது நம்மவர்களுக்கு ஒரு சிறப்புப் பொறுப்பும் சேர்கிறது. நிகோபாரி அன்பர்களுக்கும் தீவில் குடியேறிய ராஞ்சிக்காரர்களுக்கும் சென்னையில் மொழி தெரியாது. தீவுத் தமிழர் யாராவது கூடப் போய் மருத்துவர் சொல்வதை இந்தியில் எடுத்துச் சொல்வார்கள். அப்படி நிற்கும்போது நம் கையில் இன்னொருவருடைய வாழ்க்கைச் சேதி இருக்கிறது. கசப்பானதை விழுங்கிவிட்டு இனிப்பானதை மட்டும் சொல்ல நமக்கு உரிமையில்லை. மருத்துவர் எதைச் சொன்னாரோ அதை முழுதாக, மெதுவாக, நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் “போதும், மிச்சத்தை என் மகளிடம் சொல்லுங்கள்” என்றால் நிறுத்திக்கொள்ளலாம். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர் உரிமை. ஆனால் வேண்டும், வேண்டாம் என்று அவரே சொல்ல வேண்டும். நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது.

சொல்வதற்கும் முறை இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். “படத்தில் ஒரு கட்டி தெரிகிறது, இன்னும் சோதனை பண்ணச் சொல்கிறார்கள்” என்று தொடங்கலாம். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லலாம். சதவீதக் கணக்கை அவர் கேட்டால் மருத்துவரிடமே கேட்க வைக்கலாம். பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம். அழுதால் அழட்டும். அழுது முடித்து, “சரி, அடுத்தது என்ன?” என்று கேட்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, மகன்களே, மகள்களே, மருமக்களே, இந்தப் பெரியவனின் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை மெயின்லேண்டு ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, அப்பாவையோ அம்மாவையோ வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போகாதீர்கள். மருத்துவருக்கு எதிரில் உள்ள நாற்காலியில் அவரை உட்கார வையுங்கள். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு எடுக்கப் போகிறார்கள், பிறகு மூச்சு எவ்வளவு மிஞ்சும், அதற்குள் நான் என்ன செய்யலாம் என்ற நான்கு கேள்விகளையும் அவர் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள். திரையில் இருக்கும் படத்தை அவருக்குக் காட்டச் சொல்லுங்கள். அது அவருடைய நெஞ்சு. அந்தச் சேதி முதலில் அவருக்கே சொந்தம்.